நாலாம் பக்கம்

டொக்யாட் வீதிக் கடையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
காணி உறுதிகள் அச்செடுப்பேன்.
கடல்காற்றுக்குப் பக்க எண் தெரியாது.

பன்னிரண்டு பக்கம், ஏழு பிரதி.
திரையில் அந்தச் சின்னப் பெட்டிக்குள்
சரி அடையாளம் இட மறந்தேன்.
முதலாம் பக்கம் ஏழு, இரண்டாம் பக்கம் ஏழு,
மூத்ததுகள் ஒரு முகாமில்
இளையதுகள் இன்னொன்றில் என்று
வந்து விழுந்தன.

"பறவாயில்லை, நான் அடுக்கிறன்,"
என்றார் உப்புவெளி ஜெயசீலி.
பன்னிரண்டு குவியலையும் சுற்றி
ஏழு தரம் நடந்தார்.
கட்டுகளின் மூலையில் பென்சிலால் எழுதினார்:
டொறன்ரோ, பேசல், தம்பலகாமம்,
பிறகும் இரண்டு ஊர், பிறகு "நான்".
கடைசிக் கட்டில்
தம்பியின் பெயர் மட்டும். ஊர் இல்லை.

அதில்தான் நாலாம் பக்கம் குறைந்தது.
நாலாம் பக்கத்தில்தான் பொதுக்கிணறு.

இயந்திரத்தின் வயிற்றைத் திறந்தேன்.
உருளையில் சுருண்டு
சூடாகக் கிடந்தது கிணறு.

"புதுசா ஒண்டு எடுக்கவா?"
பதில் இல்லை.
தன் கட்டைப் பிரித்து
நல்ல தாளைத் தம்பிக்கு வைத்தார்.
கசங்கியதை முழந்தாளில் வைத்து நீவி
தன்னுடையதில் செருகினார்.

எண்பத்துமூன்று தாளுக்கு
காசு வாங்கினேன்.