ரயில் பார்க்கும் பக்கம்

ஹப்புத்தளைக்கு இரண்டு வளைவு முன்னால்
எங்கள் லயத்துக்கு நீலம் பூசினார்கள்,
ரயில் பார்க்கும் பக்கம் மட்டும்.
மலை பார்க்கும் பக்கம்
கரியும் பாசியும் அப்படியே.
பெயின்ட் பதினோராவது காம்பராவோடு தீர்ந்தது.
பன்னிரண்டில் இருக்கும் பவுனம்மாவின் சுவர்
எந்தப் படத்திலும் இல்லை.

காரணம் நான்தான்.
போன மாசியில் என் ஆட்டோவில் வந்த ஹொலண்ட்காரி
மழைக்கு எங்கள் ஸ்தோப்பில் ஒதுங்கினாள்,
பிளேன்டீ குடித்தாள்,
கதவில்லாத கக்கூஸைப் படம் பிடித்தாள்.
சாக்குத் திரையை விலக்கி, மெதுவாக,
கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பவளைப் போல.

அது கடல் தாண்டிப் போய்
அவமானமாகித் திரும்பி வந்தது.
டோஹாவிலிருந்து மச்சான் தெய்வராஜ்:
"நேபாளத்துக்காரன் கூடச் சிரிக்கிறான்டா."
பண்டாரவளை பஸ்ஸில்
பாட்டை நிறுத்திவிட்டு ஏசினார்கள்.
பொலிசில் சார்ஜன்ட் குரல் உயர்த்தவில்லை.
நாற்காலி கூடத் தந்து கேட்டார்:
"நாட்டின் பெயர் என்னாவது?"

நாட்டின் பெயர்.
அதை எங்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுத
நாற்பது வருடம் யோசித்தார்கள்.
அம்மாவின் பிரஜாவுரிமைப் பத்திரம்
மா டின்னுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில்,
இன்னும் மண்ணெண்ணெய் வாடையோடு கிடக்கிறது.
இப்போது எங்கள் கக்கூஸில் வந்து தேடுகிறார்கள்
அது எங்கே விழுந்தது என்று.

இதையெல்லாம் சார்ஜன்டிடம் சொல்லவில்லை.
"சொரி சேர்" என்றேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
அன்று ஸ்டேஷனில் இறங்கும்போது
பாவப்பட்ட நாடு என்கிற மாதிரி
இங்கிலீஷில் என்னமோ சொன்னாள்.
எனக்குக் காது சுட்டது.
எங்கள் நாட்டில் வைத்தியம் இலவசம் என்றேன்.
படிப்பு இலவசம் என்றேன்.
உலகக் கிண்ணம் எடுத்தோம் என்றேன்,
நான் பிறக்கவே இல்லாத வருடத்தில்.
எடுத்தோம்!
அந்த இலவச ஆஸ்பத்திரிக்கு
அப்பாவைக் கொழுந்து லொறியில் ஏற்றி
பாதி வழியில் திரும்பி வந்தோமே,
அது மட்டும் ஏன் வாயில் வரவில்லை?

நேற்று இரண்டு பிரான்ஸ்காரர்கள்.
நல்ல படம் எங்கே கிடைக்கும் என்றார்கள்.
வளைவில் நிறுத்தினேன்.
அங்கிருந்து நீலம் மட்டும்தான் தெரியும்.
ரயில் ஊதிற்று.
பவுனம்மா பீலியிலிருந்து வாளியோடு
குறுக்கே வந்தாள்.
கையைக் காட்டினேன், கொஞ்சம் தள்ளு என்று.

தள்ளினாள்.
கடைசிப் பெட்டி போகும்வரை
வாளியை இடுப்பில் வைத்தபடி
ரயிலைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.