சிவப்புப் பேனா

இசாஃபியோர்துர் ஊரில், அவள் வீட்டு நாட்காட்டியில்
மீட்புப்படைக்குச் சிவப்பு மை,
தேவாலயப் பாடற்குழுவுக்கு நீலம்,
பழந்துணிக் கடைக்குப் பச்சை.
மீன் ஆலைக்கு நிறம் கிடையாது,
அது எல்லா நாளும்.

நேற்றிரவு
கணவாய்ச் சாலையில் பனிமூடிய காரிலிருந்து
இருவரை இழுத்து வந்தாள் ஸ்டெய்னுன்.

மணி நாலு. மேலங்கி சொட்டுகிறது.
நின்றபடியே ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது
வியாழக்கிழமைக் கட்டத்தில் பார்க்கிறாள்,
சிவப்பில், கோணல் எழுத்தில்:
காணவில்லை. அம்மா.
கடைசியாகப் பார்த்தது பல் தேய்க்கும்போது.
உயரம் கதவளவு.

சிரித்துவிட்டாள்.
அப்புறம் ரொட்டி இறங்கவில்லை.

ஆலைக்குப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம்.
மகன் கட்டிலுக்குக் கீழே
காலணியோடு தரையில் சாய்ந்தாள்.
இருட்டில் ஒரு கை இறங்கி வந்தது,
கன்னம் தடவி, மூக்கருகே நின்று
மூச்சு வருகிறதா என்று பார்த்தது,
அவளே சொல்லிக்கொடுத்தபடி.