நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

பதினான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டார் திருமேனி சார்.
மயிலாப்பூரில் ஒரு மாடியறை.
விசிறிக்குக் கீழே என் நாவல்,
பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு ஸ்டேப்ளர்.
மின்வாரியத்தில் இருபத்தாறு வருஷம் ஓட்டியவள்,
பழைய விசிறியைப் பார்த்தால்
மாதம் எத்தனை யூனிட் என்றுதான் ஓடுகிறது மனசு.

"போடலாம் பிலோமினா மேடம்.
இந்த ஜனவரி இல்ல, அடுத்த ஜனவரி.
நந்தனத்துல நம்ம ஸ்டால்ல முன்னாடி வைப்போம்.
ராயல்டி பத்து பர்சென்ட்.
நூலக ஆர்டர் வந்தா நல்லாப் போகும்.
வரலேன்னா..."
வரலேன்னா என்பதற்குப் பிறகு
காபி வந்தது.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:
"லைன்மேன் மாசிலாமணி கம்பத்துல ஏறுறான்.
அடுத்த பக்கம், மாலை போடறாங்க.
சாவைச் சொல்லாமலே தாண்டுறீங்க பாருங்க,
அங்கதான் நீங்க எழுத்தாளர்."

என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை.
பாராட்டாக இருந்ததால் கேட்கவுமில்லை.

எண்பத்தேழு இடத்தில் பென்சில் கோடு.
பெரம்பூர் வந்து சேர்ந்து ராத்திரி எண்ணினேன்,
எண்பத்து நான்கு சரி.
மூன்றில் அவருக்கு வடசென்னை தெரியவில்லை, அவ்வளவுதான்.
'திடீரென்று' என்ற சொல்லை
ஊறுகாய்க்கு உப்பு மாதிரி அள்ளிப் போட்டிருக்கிறேன்,
இத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொல்லவில்லை.

இருந்தாலும் அடுத்த ஜனவரி.
எனக்கு ஐம்பத்து நான்கு.

கணக்குப் பிரிவு ஞானசுந்தரி
சொந்தமாக ஐந்நூறு கவிதைப் புத்தகம் அடித்தாள்.
இப்போது யார் வீட்டுக் கல்யாணமானாலும்
மொய்க்குப் பதில் ஒன்று.
கட்டிலுக்கடியில் இன்னும் நாலு பெட்டி,
"குனிஞ்சு பெருக்கவே முடியலடி" என்பாள்,
சிரித்துக்கொண்டுதான்.
ஆனால் தாமதமாகவில்லை அவளுக்கு.
யாரும் கல் வைத்து அவளை அமுக்கவில்லை.

திருவல்லிக்கேணியில் யாசீன்
காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தான்:
இருநூறு காப்பி, மேட் அட்டை, நாற்பத்தோராயிரம்.
"பதிப்பகம்னு ஒரு பேர் வேணும் மேடம்,
யோசிச்சு வைங்க."
தை மாதம் சீட்டு விழும். ஐம்பதாயிரம்.
மகள் பல்லுக்குக் கம்பி கட்டுவதற்கென்று வைத்தது.
மின்கம்பம் பதிப்பகம் என்று
பஸ்ஸிலேயே பேர் வைத்துவிட்டேன்,
பல்லை நினைத்ததும் அழித்தேன்.

மூன்றாம் நாள் யாசீன் போன்.
"நூத்திப் பதினெட்டாம் பக்கம் இல்லையே மேடம்?"

படித்தாயா தம்பி என்று கேட்டேன்,
ஆசையாகத்தான்.
"இல்ல மேடம், பக்கத்துக்கு இருபத்தஞ்சு ரூபா.
அதான் எண்ணினேன்."

ஜெராக்ஸ் கடையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அந்தப் பக்கத்தில்தான் புயலுக்கு மறுநாள்
யாரோ சப்ளையைப் போட்டுவிடுகிறார்கள்.
மாசிலாமணியின் கை, கம்பி, கீழே நிற்கிற பையன்,
அவன் கையிலிருந்த டிபன் பாக்ஸ்.
ஏழு தடவை திருத்தி எழுதியது.

ஆக,
முழுக்கப் படித்த மனிதருக்கு அந்தப் பக்கம் தேவைப்படவில்லை.
ஒரு வரி படிக்காதவன்
அது இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்கிறான்.
சாரிடம் உண்மையைச் சொன்னால்
எழுத்தாளர் என்றாரே, அது ஜெராக்ஸ் மிஷினுக்குப் போய்விடும்.
சொல்லாமல் விட்டால்
டிபன் பாக்ஸ் எங்கே போகும்?

29சியில் ஜன்னலோரம்.
கண்டக்டர் கிழித்துக் கொடுத்த
மகளிர் டிக்கெட்டில் கட்டணம் பூஜ்யம்,
அதையும் அச்சடித்துத்தான் தருகிறார்கள்.
கைப்பையில் ஒரு உறைக்குள் ஒப்பந்தம்,
காலண்டர் தாளில் கொட்டேஷன்,
நடுவில் நாலாக மடித்த நூற்றுப் பதினெட்டு.
புரசைவாக்கம் நெரிசலில் பிரித்துப் படித்தேன்,
என் கையெழுத்து என்பதை மறந்து,
யாரோ எழுதியது போல.

நன்றாகத்தான் இருக்கிறது.
அதுதான் சிக்கல்.