ஆற்றுக்கு இந்தப் பக்கத்து எண்

நவம்பர் கடைசியில் அந்த எண் வரும்.
ஒற்றை வரி மின்னஞ்சல்.
வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை.
அச்சடித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுவேன்.
போன வருடத்து எண் அதற்குக் கீழே,
அதற்கு முந்தையது இன்னும் கீழே.

எங்கள் கவுண்டியில் ஒரு குடும்பம் குடியிருக்க
அரசாங்கம் ஜாமீன் நிற்கும் கடன்
இவ்வளவு வரைதான்.
பாலத்தைத் தாண்டினால்
ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர் கூடுதல்.
அதே பைன் மரங்கள், அதே பனி.
நடுவே நீந்தும் ட்ரவுட் மீனுக்கு
எந்தக் கரையில் என்ன வரம்பென்று தெரியாது.

செப்டம்பரில் லொரீன் வந்தாள்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
கூடவே அன்ஸெல்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு முழுக்க நின்றுவிட்டு
நேராக வந்திருந்தான்,
கையில் வெளுப்புத்தூள் வாசனை.
பனிக்காலணிப் பெட்டி நிறைய ரசீதுகள்.
கார்வர் லேனில் ஹாய்ட் விற்கும் வீடு:
இரண்டு அறை, பச்சைத் தகரக் கூரை,
எத்தனை முறை தள்ளினாலும் சாத்தாத குளியலறைக் கதவு.
"அந்தக் கதவு போதும்" என்றாள்,
கேட்காமலே.

கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
முன்பணம் போக மிச்சம்
வரம்பைத் தாண்டிப் பதினோராயிரத்து நானூறு.
சம்பளம் போதும். தவணை தவறாதவர்கள்.
ஆனாலும் அந்தத் தொகையை
ரொக்கமாக வைக்க வேண்டும்.

"யார் வைத்தது இந்த எண்ணை?"
"கவுண்டியின் நடுவிலையைப் பார்த்து வைக்கிறார்கள்."
"யாருக்கு நடு?"

எழுந்து சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினேன்.
கிழக்கே எண்பது மைலில், சுரங்கம் மூடிய ஊரில்
ஜன்னலுக்குப் பலகை அடித்த வீடுகள்
பழைய டிரக் விலைக்குப் போகின்றன.
அவையும் இந்தப் பனிச்சறுக்கு மலையடி வீடுகளும்
ஒரே பானையில் வேகின்றன.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால்
இந்தப் பானையில் பாதி குழைந்துவிட்டது,
பாதி இன்னும் அரிசி.

அன்ஸெல் அந்தக் கரையைத் தொட்டான்.
"இங்கே வாங்கினால்?"
அங்கே வரம்பு உயரம்,
வாசற்படி அதைவிட உயரம்.
எனக்குத் தெரியும். அங்கேதான் நான்
ஒரு கராஜுக்கு மேலே வாடகைக்கு இருக்கிறேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஹாய்ட் ஆறாயிரம் குறைத்தான்.
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன்,
அதற்குமேல் குறைக்க அவனுக்கும் கடன் இருந்தது.
மீதிக்கு நாங்கள் நவம்பருக்காகக் காத்திருந்தோம்,
மூன்று பேரும்,
மழைக்குக் காத்திருப்பதைப் போல.

வந்தது. பதினாலாயிரம் ஏற்றம், ஜனவரி முதல்.
விடிய முன்னே ஐந்தே முக்காலுக்கு அழைத்தேன்,
அவள் வண்டியைச் சூடாக்கும் நேரம்.
எண்ணைச் சொன்னேன்.
எஞ்சின் உறுமல் மட்டும் கேட்டது.

"சனிக்கிழமை விற்றுவிட்டான்" என்றாள்.
"ரொக்கம். ஒரே கையெழுத்து."
கடன் கேட்காதவருக்கு வரம்பு ஏது?
வாங்கியவர் எந்த மாநிலமோ,
இன்னும் விளக்குப் போடவில்லையாம்.
"தினமும் இரண்டு தடவை அந்த வழிதான் போகிறேன்.
நிறுத்தமே இல்லை அங்கே.
கால் தானாக பிரேக்குக்குப் போகிறது."

வேறு வீடு பார்க்கலாம் என்றேன்.
என் வேலை அப்படிப் பேசுவது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:
"அந்தச் சுரங்க ஊரில் வீடு என்ன விலை?"
சொன்னேன். வரம்பில் கால்வாசி கூட வராது.
"ஏற்றிப் போகப் பிள்ளைகள் இருக்கிறார்களா அங்கே?"

மேசையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன்.
நாற்பத்தியிரண்டு கேள்விகள்.
அது இல்லை.

கதவு மடங்கித் திறக்கும் சத்தம் கேட்டது.
யாரோ ஒரு பிள்ளை
குட் மார்னிங் சொல்லிக்கொண்டே ஏறியது.