மஞ்சள் கட்டம்

தார்த்து நகரில் எங்கள் கட்டடத்தின் கூரை
மூன்றாவது வசந்தமாக ஒழுகுகிறது.
வீடுகள் பதினொன்று. வாளிகள் நான்கு.
எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு மணி நேரம் வேண்டும்.
அதுதான் கிடைக்கவில்லை.

முகூர்த்தம் குறித்துத் தர ஆளில்லாத ஊரில்
அது செயலியின் வேலை.
செயலியைத் தேடுவது
செயலாளராகிய என் வேலை.

முதலாவது பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது,
பிறகு கடன் அட்டை எண்.
ஐந்தாம் வீட்டு ஊர்வே அத்தோடு கையை எடுத்துவிட்டாள்.

இரண்டாவது இலவசம்,
தேதிக்கும் தேதிக்கும் நடுவே மெத்தை விளம்பரம்.
மார்ச் கடைசியில் நாடே கடிகாரத்தை முன்னே தள்ள
அது மட்டும் பழைய நேரத்தில் தங்கிவிட்டது.
நாங்கள் மூவர் காத்திருந்து கலைந்த பிறகு
ஹெய்னோ வந்து நின்றார்,
பூட்டிய சலவை அறை வாசலில்,
கையில் எல்லாருக்குமாகச் சுட்ட கேக்கோடு.

மூன்றாவதுதான் சரி என்றேன்.
பச்சை: வருவேன்.
சிவப்பு: வர முடியாது.
மஞ்சள்: தேவையென்றால் வருகிறேன்.

ஒன்பதாம் வீட்டு எண்டெல்,
ரொட்டி ஆலையில் இரவு வேலை,
பதினாறு கட்டங்களிலும் மஞ்சள் இட்டிருந்தார்.
அடுத்த மாதமும் அதே கதை:
மேலிருந்து கீழே ஒரே கடுகு வயல்.
இதெல்லாம் ஒரு பதிலா?
அமைப்புகளுக்குள் போய் மஞ்சளை எடுத்துவிட்டேன்.
ஒரே சொடுக்கு. என்ன ஒரு தெளிவு!

அந்தச் சுற்றில் எல்லாரும் நிரப்பினார்கள்.
எண்டெலின் வரிசை மட்டும் வெள்ளை.
சிவப்புகூட இல்லை.

காலை ஏழுக்குப் படிக்கட்டில் எதிர்ப்பட்டார்,
சட்டைக் கையில் மாவு.
கேட்டேன்.

"அந்த நேரத்தில்தான் தூங்குவேன்.
வருவேன் என்று போட்டால் தூங்க முடியாது.
வர முடியாது என்று போட்டால் பொய்.
கதவைத் தட்டினால் எழுந்து வருவேன்.
அதற்கு ஒரு நிறம் இருந்தது."

சொல்லிவிட்டு ஏறிப் போனார்,
மூன்றாம் மாடி வாளியை
காலால் கொஞ்சம் சுவரோரம் நகர்த்திவிட்டு.

மஞ்சளை எடுக்க ஒரு சொடுக்கு போதும்.
திரும்ப வைக்க,
பதினோரு வீடும் முதலிலிருந்து நிரப்ப வேண்டுமாம்.
நிச்சயமா, என்று கேட்டது திரை.
நிச்சயம்தான்.
எல்லாருக்கும் மன்னிப்பு எழுதினேன், காரணம் எழுதவில்லை.

பிறகு என் வரிசை.
வியாழன் மாலை ஆறு மணிக்கு நேரே
பச்சைக்குப் போன விரல் நின்றது.
அன்று என் மகளுக்கு
நீச்சல் வகுப்பு.