மூன்று பன்னிரண்டு

ஃபார்ச்சூன் விரிகுடா. பிப்ரவரி.
கடலோரக் காவல் அலுவலகத்தில்
வெரா ப்ளாக்டன்
ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டாள்.

அதிகாலை மூன்று பன்னிரண்டுக்குப் படகு அழைத்தது.
நிலையம்...

முதலில் ரெஸ்பாண்டட் என்றுதான் அடித்திருந்தாள்.
இஸ்திரி போட்ட சொல்.
படிக்கிறவர்கள் ஹெலிகாப்டர் கிளம்பியதாக நினைப்பார்கள்.
கிளம்பவில்லை.
அதன் விசிறியில் பனிக்கட்டி உறைந்திருந்தது.

அழித்தாள்.
ரிப்ளைட். அதில் பொய் இல்லை:
"இருப்பிடத்தைத் திரும்பச் சொல்லவும்"
என்று கிளிஃப் பார்டி மைக்கில் சொன்னான்,
இரண்டு தடவை,
பக்கத்திலிருந்த தேநீர் ஆறுவதற்குள்.
குரலுக்கு ஒரு குரல்,
ரசீதில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

ஆன்சர்ட்?
அதற்கு முன்னால்
ஒரு கேள்வி இருந்தாக வேண்டும்.
ஒலிப்பதிவை மறுபடி ஓட்டினாள்.
இரைச்சல், எஞ்சின், இரைச்சல்,
அப்புறம் லெஸ்டர் கீப்பிங்:
"அங்க யாராச்சும் முழிச்சிருக்கீங்களா?"

கேள்விதான்.

இதை நான் எழுதுகிற மொழியில்
விடை கொடுப்பதென்றால்
வழியனுப்புவதும்தான்.
வெராவின் அகராதியில்
அப்படி இரண்டு கதவுள்ள சொல் இல்லை.
எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.
வந்து உட்கார்ந்து,
"நிலையம் விழித்திருந்தது" என்று அடித்தாள்.

வியாழனன்று
டார்க்கஸ் கீப்பிங் கையெழுத்திட்டு வாங்கிய பிரதியில்
அந்த வரி இருந்தது,
மேலதிகாரியின் திருத்தத்தோடு:

நிலையம் ரெஸ்பாண்டட்.