அசையாத நேரம்

டவுன்ஹால் ரோட்டில் இது மூன்றாவது கடை.
முதல் இரண்டிலும் விலை கேட்டேன்,
இங்கேதான் கேள்வி கேட்கிறேன்.

ஜாகிர் பெட்டிகளைப் பரப்புகிறான் சீட்டுக்கட்டு போல.
சுற்றித் திரும்புவது, இருட்டில் பார்ப்பது,
ஆள் வந்தால் நாய் மாதிரிக் குரைப்பது,
மீன்கண் லென்ஸ் வைத்தது.
"மதுரைக்காரவுகளுக்கு மீன்கண்ணைப் பத்தி
நான் சொல்லணுமாக்கா?"
காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொன்னானோ,
எனக்கும் சிரிப்பு வந்தது.

"இது போதும்க்கா. ஆள் அசைஞ்சா மட்டும் பதியும்.
சும்மா கெடக்குற நேரத்தை எதுக்குப் பதியணும்?
நெட்டும் மிச்சம், காசும் மிச்சம்."

சும்மா கிடக்கிற நேரம்.

விளாங்குடியில் எங்கள் எதிர்வீட்டு எட்வின் சார்
கேட்டில் மாட்டியிருப்பது அந்த மாதிரிதான்.
போன ஆவணியில்
எங்கள் குழாயடியில் ஒச்சப்பன் விழுந்ததை
அது எடுத்தது.
பதினெட்டு விநாடி.
குடம் உருண்டது, கை ஒருமுறை மண்ணைத் துழாவியது,
அவ்வளவுதான்.
அடுத்த துண்டு மூன்று ஐம்பத்திரண்டுக்கு:
குடத்தின் விளிம்பில் ஒரு காக்கா.
அதற்கும் அடுத்தது தண்ணி லாரிக்காரர்
குனிந்து பார்ப்பது.
நடுவில் ஒரு மணி நேரமும் சில்லறையும்
கேமரா கணக்கில் எதுவுமே நடக்கவில்லை.

அப்போது நான் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில்
ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டு விரித்துக்கொண்டிருந்தேன்.
இதே பார்டர், கலர் மட்டும் வேற.
தலைக்கு மேல் பதினாறு கேமரா, பதினோரு வருசமாய்.
நான் உட்கார்ந்தால் அதற்குத் தெரியும்,
தண்ணி குடித்தால் தெரியும்.

"அசையாட்டியும் பதியணும் தம்பி.
ராத்திரி பகல் விடாம."

நிமிர்ந்து பார்த்தான். காரணம் கேட்கவில்லை,
நல்ல பையன்.
"அப்ப கிளவுட்தான்க்கா. மாசாமாசம் கட்டணும்.
பெட்டிய ஒடச்சுத் தூக்கிட்டுப் போனாலும் படம் மேல இருக்கும்.
ஏழு நாள் பிளான் இருக்கு, முப்பது நாள் இருக்கு.
ஏழுன்னா, எட்டாம் நாள் பழசு தானா அழிஞ்சிரும்."

ஏழு வாங்கினேன்.
மாத்திரைக்கும் பிசியோக்காரருக்கும் போக
மிஞ்சியது ஏழுதான்.

ஒச்சப்பன் மாட்ட விடவில்லை.
கோணிய வாயால், "நான் என்ன நகைக்கடையா?"
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
"மேகத்துலயா சேருது? அதான் பாத்தேன்,
வைகைப் பக்கம் வராம அதுக்கு என்ன வேலைன்னு."
பாத்ரூம் பக்கம் திருப்பக் கூடாது என்றார்.
திருப்பவில்லை.

மத்தியானம் குடோன் படிக்கட்டில்
மடியில் டிபன் பாக்ஸ், கையில் போன்.
கட்டில். ஃபேன். ஆள்.
கட்டில். ஃபேன். ஆள்.
நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று
இரண்டு விரலால் பெரிதாக்குவேன்.
பெரிதாக்கினால் கட்டம் கட்டமாய் உடைந்துபோகிறார்.
சுவரில் காலண்டர் தாள் படபடக்கும்.
அப்படியானால் படம் உறையவில்லை,
தூங்குகிறார்.
சோற்றைப் பிசைவேன்.

ஒரு நாள் சும்மா பின்னால் இழுத்துக்கொண்டே போனேன்.
இரவு இரண்டே முக்கால்,
எல்லாம் சாம்பல் நிறம்.
தரையில் நான், வாய் திறந்தபடி,
இவ்வளவு அசிங்கமாகவா தூங்குகிறேன்.
கட்டில் விளிம்பில் அவர்.
கொடியிலிருந்து எடுத்த சட்டை.
இடது கையால் பொத்தானைத் துளைக்குள் தள்ளுகிறார்,
நழுவுகிறது,
தள்ளுகிறார்,
நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.
நாற்பது நிமிடம், ஒரு பொத்தான்.
அது மாட்டியதும் குனிந்து பார்த்தார்.
பிறகு அதையும் கழற்றி,
இருந்த மடிப்பிலேயே கொடியில் போட்டுவிட்டுப் படுத்தார்.

பகலில் நான் மாட்டிவிடும்போது
இந்தக் கையா என்று தொங்குகிற கை அது.

எடுத்து வைத்துக்கொள்ளத் திரையிலும் ஒரு பொத்தான் உண்டு,
கீழ்நோக்கிய அம்பு போட்டு.
அழுத்தவில்லை.
எட்டாம் நாள் அதுவாகப் போகட்டும்.

இன்று காலை சட்டை போட்டுவிட்டேன்.
கடைசிப் பொத்தானை மட்டும்
மறந்த மாதிரி விட்டுவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.